கணக்கு நோட்டின் ஓரத்தில்...



ஒரு குழந்தையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து நீங்கள் என்றேனும் கோபத்தில் ஒரு தாளைக் கிழித்ததுண்டா? நான் கிழித்திருக்கிறேன். அந்தத் தாள் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

திருவல்லிக்கேணியில் மாலை நேர மதரஸா ஒன்றில் நான் ஓதிக் கொடுத்து வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு, வீட்டில் ஒரு வாய் தேநீர் அருந்திவிட்டு, கண்களில் களைப்போடு வரும் பிள்ளைகள். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். அவன் தந்தை இங்குள்ள மேன்ஷன் ஒன்றில் கணக்கு எழுதுபவர். ஒரு நாள் பாடம் நடந்து கொண்டிருக்கையில் அவன் தலை மட்டும் குனிந்தே இருந்தது. அருகில் சென்று பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக் கொண்டு பென்சிலால் வரைந்து கொண்டிருந்தான். கூட்டலும் பெருக்கலும் நிறைந்த பக்கம். அதன் ஓரத்தில் தொடங்கிய கோடுகள் கணக்குகளின் மீதே படர்ந்து, பெரிய பள்ளிவாசலின் இரண்டு மினாராக்களாக எழுந்து நின்றன. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோபுரம். இடையில் மேன்ஷன்களின் மொட்டை மாடிகள், காயும் துணிகள், புறாக்கள். தெருக்களின் பெயர்களை அவன் நான் கற்றுக் கொடுத்த அரபு எழுத்துகளில் எழுத முயன்றிருந்தான்.

"பாடம் நடக்கும்போது படமா?" என்று கேட்டேன். கேட்டதோடு நில்லாமல் அந்தத் தாளைக் கிழித்தும் விட்டேன்.

அவன் அழவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கலைந்த பிறகு வந்து நின்றான்.

"ஹஜ்ரத், படம் வரைவது பாவமா?"

நான் விடை சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னான். "வகுப்பில் ஒருவன் என்னிடம், 'இது உங்கள் ஊர் இல்லை' என்று சொன்னான், ஹஜ்ரத். அதனால்தான் நம் ஊரை வரைந்து அவனுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன்."

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். அன்று என்னிடம் விடை இல்லை. கிழித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டேன். "நாளை அஸர் தொழுகைக்குப் பெரிய பள்ளிக்கு வா, வாப்பா. ஒன்று காட்டுகிறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கல்லில் பொறித்த கணக்கு

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வாலாஜா பள்ளிவாசலை அறியாத சென்னை முஸ்லிம்கள் இருக்க மாட்டார்கள். ஆற்காட்டு நவாப் வாலாஜா முகம்மது அலியின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் கருங்கல்லால் எழுப்பிய பள்ளி அது. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் 1972இல் மறைந்தபோது நல்லடக்கம் செய்யப்பட்டது அதன் வளாகத்தில்தான். நாம் அங்கு எத்தனையோ முறை தொழுதிருக்கிறோம். ஆயினும் மிஹ்ராபின் மேலே கல்லில் பொறித்துள்ள எழுத்துகளை நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருப்போம்?

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் சிறுவனை அழைத்துச் சென்று அந்த எழுத்துகளைக் காட்டினேன். அவை வெறும் அழகுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. அவற்றுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. இதனை 'அப்ஜத்' முறை என்பர். அலிஃபுக்கு 1, பாவுக்கு 2, ஜீமுக்கு 3 எனத் தொடங்கி, கைனுக்கு 1000 என முடியும். ஒரு நிகழ்ச்சி நடந்த ஆண்டைச் சொற்களுக்குள்ளேயே பொதிந்து வைப்பது அக்காலப் பார்சிப் புலவர்களின் கலை. இந்தப் பள்ளியின் ஆண்டைக் குறிக்கத் தேர்ந்த சொற்கள் திக்ர், அல்லாஹ், அக்பர் என்னும் மூன்று. திக்ர் என்பதில் தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. அல்லாஹ் என்பதில் அலிஃப் 1, இரண்டு லாம்கள் 60, ஹா 5, ஆக 66. அக்பர் என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209 வருகிறது. அதுவே பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு.

சிறுவன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். சரியாக வந்ததும் அவன் முகத்தில் மலர்ந்த வியப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இதை எழுதியவர் யார் தெரியுமா?" என்று கேட்டேன். பெரிய மௌலானா ஒருவரின் பெயரை எதிர்பார்த்தான். எழுதியவர் ராஜா மக்கன்லால் கிராத். நவாபின் முன்ஷியாகப் பணிபுரிந்த, பார்சி மொழியில் புலமை மிக்க ஓர் இந்துப் பெருமகன்!

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இந்தப் பள்ளியில் தொழுதவர்கள் யாவரும் ஓர் இந்துப் புலவர் அமைத்த எழுத்துகளின் கீழேதான் நெற்றியை நிலத்தில் வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அதனை அகற்றவில்லை, மறைக்கவும் இல்லை. மக்கன்லாலும் தம் சமயத்தை விட்டு வந்து அதனை எழுதவில்லை. இன்னொன்றும் உண்டு. நாடு பிரிந்தபோது சிந்து மண்ணை இழந்து சென்னைக்கு வந்த பெரியார் ஒருவர் நிறுவிய சூஃபிதார் அமைப்பு மயிலாப்பூரில் உள்ளது. அதனைச் சார்ந்த சிந்தி இந்து அன்பர்கள் ரமளான் மாதத்தில் இந்தப் பள்ளிக்கு நோன்பு துறப்பதற்கான உணவைக் கொணர்ந்து தம் கையாலேயே பரிமாறும் வழக்கம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஊரை இழந்து வந்தவர்கள் இன்னோர் ஊரில் வேர் விட்ட விதம் இது. எந்த ஊரார் என்பதைக் கைகள் செய்யும் பணி சொல்லிவிடுகிறது.

நாள்தோறும் எழுதிய கைகள்

பள்ளியை விட்டு வெளியே வந்தோம். அதன் நிழலிலேயே, அந்த நெடுஞ்சாலையிலேயே, ஒரு சிறு கட்டடத்தில் இயங்கி வந்தது 'முஸல்மான்' என்னும் உருது நாளேடு. 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கியது. அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் எம்.ஏ. அன்ஸாரி அதனைத் தொடங்கி வைத்தார். அவருக்குப் பின் மகன் சையத் ஃபஸ்லுல்லாஹ் 2008இல் மறையும் வரை ஆசிரியராக இருந்தார். அடுத்து அவருடைய மகன் அப்பொறுப்பை ஏற்றார்.

இந்த ஏட்டின் சிறப்பு, அது கையால் எழுதப்பட்டது என்பதே. நான்கு பக்கங்கள். காதிபுகள் எனப்படும் எழுத்துக் கலைஞர்கள் தரையையொட்டிய தாழ்ந்த பலகைகளின் முன் அமர்ந்து, மையில் தோய்த்த பேனாவால் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுவர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். பெரும்பிழை நேர்ந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டும். பிற்பகலில் வரும் அவசரச் செய்திக்காக முதற்பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் வெற்றிடமாக விட்டு வைப்பர். எழுதி முடித்த தாளைப் படமெடுத்து, தகடாக்கி, அச்சிட்டு, மாலையில் ஏடு வெளிவரும். காதிபுகளில் பெண்களும் இருந்தனர். செய்தியாளர்களில் முஸ்லிம் அல்லாதவரும் இருந்தனர்.

அவர்கள் எழுதியது நஸ்தலீக் என்னும் எழுத்து முறை. சொற்கள் வலப்புறம் மேலிருந்து இடப்புறம் கீழாகச் சரிந்து இறங்கும். கொடியில் தொங்கும் பூச்சரம் போன்ற அமைப்பு. இந்தச் சரிவே அச்சுக் கோப்பவர்களுக்குப் பெருந்தலைவலியாக இருந்தது. 1981இல் பாகிஸ்தானில் நஸ்தலீக் எழுத்தைக் கணினியில் கோக்கும் வழி பிறந்தது. அதன் பிறகு உருது ஏடுகள் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாறின. காதிபுகள் பிழைப்பை இழந்தனர். ஆனால் அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திருவல்லிக்கேணியின் இந்தச் சிறு அறையில் பேனாவின் ஓசை நிற்கவில்லை.

"நமக்கு உருது தெரியாதே, ஹஜ்ரத்?" என்றான் சிறுவன்.

உண்மைதான். தமிழகத்து முஸ்லிம்களில் பெரும்பாலோர்க்குத் தாய்மொழி தமிழ். ஆனால் நமக்கும் இப்படி ஒரு கலை இருந்தது என்பதை அவனுக்குச் சொன்னேன். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்துகளில் எழுதினார்கள். அரபு மொழியில் ட, ப, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்கு எழுத்து இல்லை. அவர்கள் அதற்காகத் தமிழைச் சுருக்கவில்லை. அரபு எழுத்துகளின் மீது புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உருவாக்கிக் கொண்டார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியார்கள் அந்த அரபுத் தமிழிலேயே மார்க்க நூல்களை இயற்றினார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் ஓதிய கிதாபுகள் அவை. எங்கிருந்தோ வந்த எழுத்தும் இந்த மண்ணின் ஒலியும் ஒரே தாளில் மனமொத்து வாழ்ந்தன. தெருப் பெயர்களை அரபு எழுத்தில் எழுத முயன்ற அச்சிறுவன் தானறியாமலேயே பாட்டனார் போன வழியில் போய்க் கொண்டிருந்தான். நானோ அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்!

எழும்பூரில் ஓர் ஓவியர்

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் கலைப் பட்டம் பயின்ற நாட்களில் கன்னிமரா நூலகத்தில் படித்த ஒரு செய்தி நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றிய செய்தி அது.

திருவல்லிக்கேணிக்கும் எழும்பூருக்கும் அதிகத் தொலைவில்லை. அங்கே, 1850இல் டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவர் பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தாய்மொழி மலையாளம். வாழ்ந்தது சென்னையில். கற்றது ஆங்கிலேயர் தொடங்கிய பள்ளியில். 1954இல் ஐரோப்பா சென்று அங்கும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பியவர். ஐரோப்பியர் கற்றுத் தந்த முறையில் எத்தனை அழகாக வரைந்தாலும் அதில் நான் எங்கே இருக்கிறேன், என் மண் எங்கே இருக்கிறது என்ற கேள்வி அவரை வாட்டியது. அவருடைய தலைமுறை இந்திய ஓவியர்கள் பலரையும் வாட்டிய கேள்விதான் அது.

அவருக்கு விடை எங்கே கிடைத்தது தெரியுமா? 1963ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டில்!

ஆம், வாசகர்களே! எண்களும் எழுத்துகளும் வடிவ கணிதக் கோடுகளும் நெருங்கிக் கிடந்த ஒரு சாதாரணப் பக்கம். அதைப் பார்த்த கணத்தில் அவருக்குப் புதிய வழி ஒன்று புலப்பட்டது. நம் வீடுகளில் சாதகக் கட்டங்களும் ஏட்டுச்சுவடிகளும் எழுத்தும் கோடுமாக அல்லவா இருக்கின்றன? எழுத்தே ஏன் ஓவியமாகக் கூடாது? மலையாள எழுத்துகளையும் எண்களையும் கட்டங்களையும் சிறு உருவங்களையும் திரையெங்கும் பரப்பி அவர் தீட்டத் தொடங்கினார். 'சொற்களும் குறியீடுகளும்' என அழைக்கப்படும் அந்த ஓவிய வரிசை அவருக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது. அந்த எழுத்துகளைப் படித்துப் பொருள் கொள்ள முடியாது. மலையாளம் அறிந்தவராலும் முடியாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் இது எந்த மண்ணில் பிறந்த ஓவியம் என்பது விளங்கிவிடும்.

அந்தக் கணக்கு நோட்டில் இருந்த எண்களின் கதையையும் எண்ணிப் பாருங்கள். 1, 2, 3 என நாம் எழுதும் எண்களை உலகம் அரபு எண்கள் என்கிறது. அரபு நாட்டினரோ அவற்றை இந்திய எண்கள் என்றனர். இந்திய மண்ணில் பிறந்து, பாக்தாதின் முஸ்லிம் அறிஞர்கள் கைக்கு வந்து, அவர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலப் பள்ளிக்கூடங்களின் வழியாக மீண்டும் சென்னை மாணவன் ஒருவனின் நோட்டுக்கு அவை திரும்பி வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து, 'இது உங்கள் ஊர் இல்லை' என்று யாரால் சொல்ல முடியும்?

பணிக்கர் தமக்கு மட்டும் வழி தேடிக் கொள்ளவில்லை. 1966இல் தம் மாணவர்களையும் தோழர்களையும் சேர்த்துக் கொண்டு ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஓவியம் விற்றுப் பிழைக்க இயலாத காலம் அது. எனவே அவர்கள் பாத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று வாழ்ந்தார்கள். தம் கையுழைப்பால் தமக்கென ஓர் ஊரையே உண்டாக்கிக் கொண்டார்கள். பணிக்கர் 1977இல் மறைந்தார். அக்கிராமம் நிலைத்து நிற்கிறது.

ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்த ஒரு பெரியவர் அதில் ஒரு கலையைக் கண்டார். இன்னொரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்த நான் அதில் ஒரு குற்றத்தையே கண்டேன்.

ஊரை விட்டுப் போனவர்கள்

மறுநாள் சிறுவனுக்குப் பணிக்கரின் கதையைச் சொன்னேன். "அவர் முஸ்லிமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "நம்மில் யாரும் இல்லையா?" என்றான். அந்தக் கேள்வியின் ஏக்கம் எனக்கு விளங்கிற்று. அவனுக்கு இருவரைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒருவர் சையத் ஹைதர் ரஸா. 1922இல் மத்தியப் பிரதேசத்து பாபரியா என்னும் காட்டுக் கிராமத்தில் வன அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வகுப்பில் மனம் அலைபாயும் சிறுவன். அவரைத் திருத்த நினைத்த ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, அதையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கச் சொன்னார். 1947இல் நாடு பிரிந்தபோது உடன்பிறந்தோர் பாகிஸ்தான் சென்றனர். ரஸா போகவில்லை. 1950இல் ஓவியம் கற்க பாரிஸ் சென்றார். அங்கேயே மணம் முடித்து அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். பிரெஞ்சு மக்களிடையே புகழ் பெற்றார். ஆயினும் நெஞ்சில் ஒரு வெறுமை. அதனை நிரப்பியது சிறுவயதில் சுவரில் கண்ட அந்தப் புள்ளியே. கரிய வட்டமாக, எல்லாம் தோன்றும் மூலமாக, 'பிந்து' என்ற பெயரில் அதனை மீண்டும் மீண்டும் தீட்டினார். மனைவி மறைந்தபின் 2010இல் தாயகம் திரும்பி, 2016இல் தில்லியில் மறைந்தார். அவர் விரும்பியவாறே மண்ட்லாவில் தந்தையின் கப்ருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஓர் ஆசிரியர் சுவரில் வைத்த ஒரு புள்ளி ஒரு மனிதனை உலகின் மறுகோடியிலிருந்து தந்தையின் பக்கத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

மற்றொருவர் நம் சிறுவனின் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூரான அழகன்குளத்தில் 1943இல் பிறந்த சையத் தாஜுதீன். வளர்ந்தது பினாங்கில். ஓவியம் கற்கக் கடல் கடந்து திரும்பி வந்தது சென்னைக்கு. அதே எழும்பூர்க் கல்லூரிக்கு. மலேசிய நாட்டின் பெயர் பெற்ற ஓவியர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1972இல் அவர் தீட்டிய இராமாயணக் காட்சி ஒன்று அந்நாட்டுக் கலைக்கூடத்தில் இடம்பெற்றுள்ளது. பின்னர் மலாக்காவின் பழங்கதைகளைப் பெரிய பெரிய ஓவியங்களாக ஆக்கினார். தமிழகத்தில் பிறந்த ஒரு முஸ்லிம், மலாய் மக்களின் கதையை அவர்களே தம்முடையது எனக் கொண்டாடும் வண்ணம் தீட்டியிருக்கிறார்.

ரஸா போன ஊரிலிருந்து பிறந்த ஊரைத் தேடினார். தாஜுதீன் பிறந்த ஊரின் கலையைப் போன ஊருக்குக் கொடையாகத் தந்தார். பணிக்கர் இருந்த ஊரிலேயே தன்னைத் தேடினார். வழிகள் மூன்றாயினும், 'நான் இந்த ஊர்க்காரன்' என்று எவரிடமும் மூவரும் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இவ்விடத்தில் சில வாசகர்களின் மனத்தில் ஒரு வினா எழும். சிறுவனின் முதல் வினாவும் அதுவே: படம் வரைவது பாவமா?

ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து நம் உலமாக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. கண்டிப்பாகத் தடுத்தவர்களே பலர். அந்தப் பேணுதலை நான் மதிக்கிறேன். ரஸாவும் தாஜுதீனும் தேர்ந்த வழிகளை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மரம், மலை, கடல், கட்டடம், பூங்கொடி, வடிவ கணிதக் கோலம், அழகிய எழுத்து இவற்றை வரைவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. அந்த எல்லைக்குள் நின்றே நம் முன்னோர் கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களையும் இஸ்தான்புல்லின் பள்ளிவாசல்களையும் உலகமே வியக்கும்படி அணி செய்தார்கள். எல்லை என்பது தோட்டத்துக்கு வேலி. வேலியைக் காட்டித் தோட்டத்தையே பூட்டி வைத்தது நம் அறியாமை.

பெற்றோர்களே! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை நோட்டின் ஓரங்களில் கிறுக்கிக் கொண்டிருந்தால் அவனை அடக்குமுன் சற்றுப் பொறுத்து, அவன் என்ன வரைகிறான் என்று பாருங்கள். கணக்கு நோட்டில் வரையாதே என்று சொல்வதில் தவறில்லை. சொல்லும்போது கையில் ஒரு வெற்றுத் தாள் நோட்டையும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைத்துச் செல்லும்போது பள்ளியின் எழுத்துகளைக் காட்டி, படித்துச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் இமாமிடம் கேளுங்கள். விடுமுறை நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் நம் வீடுகளில் இந்தக் கல்லூரிகளின் பெயரை உச்சரிப்பவர் எத்தனை பேர்?

இது வெறும் பொழுதுபோக்கு பற்றிய பேச்சு என எண்ண வேண்டாம். 'இது உங்கள் ஊர் இல்லை' என்ற சொல்லை நம் பிள்ளைகள் இன்று வகுப்பறையில் கேட்கிறார்கள். அதற்கு விடையாகச் சினத்தைக் கற்றுக் கொடுக்கலாம். அல்லது தலைகுனியக் கற்றுக் கொடுக்கலாம். இரண்டும் பிள்ளையைச் சிறுமைப்படுத்தும். அந்தச் சிறுவன் யாரும் கற்றுக் கொடுக்காமலேயே மூன்றாவது வழியைக் கண்டிருந்தான். தன் ஊரைத் தன் கையால் வரைந்து காட்டுவது என்று முடிவு செய்தான். தான் அன்றாடம் பார்க்கும் மினாராக்களையும் கோபுரத்தையும் மேன்ஷன் மாடியில் காயும் துணிகளையும் இவ்வளவு நுட்பமாக அறிந்தவனிடம், இது உன் ஊரா என்று எவர் கேட்க இயலும்?

ஒட்டிய தாள்

கிழித்த தாளைப் பசை தடவி ஒரு புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். கிழிசலின் தடம் குறுக்கே ஓடியது. அதை மறைக்க இயலவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அமர்ந்திருக்கையிலேயே, "உன் தாளைக் கிழித்தது என் தவறு, வாப்பா" என்று சொல்லி அந்த நோட்டை அவனிடம் கொடுத்தேன். எல்லார் முன்னிலையிலும் செய்த தவறுக்கு எல்லார் முன்னிலையிலும் வருந்துவதே முறை.

சில நாட்கள் கழித்து நோட்டைக் கொண்டு வந்து காட்டினான். ஒரு பக்கத்தில் அரபு அலிஃப் நெடிதாக ஒரு மினாராவைப் போல் நின்றது. அதன் பக்கத்தில் தமிழ்க் 'க' ஒரு வாயிலைப் போல் வளைந்து நின்றது. "பழைய தமிழ் எண்ணில் க என்றால் ஒன்று என்று தமிழ் ஐயா சொன்னார், ஹஜ்ரத். அலிஃபும் ஒன்று, கவும் ஒன்று" என்றான்.

கற்றுக் கொடுத்தவன் நான் என்று எண்ணியிருந்தேன்; அன்று கற்றுக் கொண்டவன் நான்.

புறப்படும்போது வாசலில் நின்று திரும்பிக் கேட்டான். "என்னிடம் அப்படிச் சொன்னானே, அவனை ஒரு நாள் பெரிய பள்ளிக்கு அழைத்து வரட்டுமா? மக்கன்லால் ராஜா எழுதியதைக் காட்ட வேண்டும். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும், கூட்டிப் பார்ப்பான்."

"அழைத்து வா" என்றேன்.

எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்த வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் கைகளில் நன்மையான கலையை வளரச் செய்வானாக! அவர்களின் தாள்களைக் கிழிக்காத பொறுமையை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.